முக்காலியின் நாலாவது கால்

மரப்பட்டறையில் கையால் செய்கிற வேலை பாதி, வாயால் செய்கிற வேலை மீதி. மரத்தூளைச் சோற்றோடு சேர்த்துத் தின்று பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை ஜேடர்பாளையம் பக்கம். பழனிச்சாமியண்ணன்தான் முதலாளி, மேஸ்திரி இரண்டும். மரத்தை உருட்டிக் கடைகிற கடைசல் மிசினில் கோவிந்தண்ணன். உப்புத்தாளும் பாலீசும் நான். காலையில் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்தால், அவர்கள் செய்து முடித்த கட்டிலையும் பீரோவையும் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. அதாவது, யாரோ பெற்ற பிள்ளைக்குத் தலை சீவிப் பூ வைத்துவிடுகிற வேலை. எனக்கும் ஒன்று பெற்றால் என்ன என்று ஆசை வந்தது. பலகை அறுப்பதிலிருந்து கால் மாட்டுவது வரை நானே செய்த சாமான், ஒன்றே ஒன்று. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு டி.வி. நிகழ்ச்சி.

தொப்பிக்காரர்

பட்டறை டி.வி.க்குத் தூசி படாமல் ஒரு பழைய தலையணை உறையை மாட்டி வைத்திருக்கிறோம். மத்தியானம் சோற்றுப் போசியைத் திறக்கும்போது உறையைக் கழற்றுவோம். வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் பேச வைத்த மரவேலை நிகழ்ச்சி அது. தொப்பி போட்ட ஒருவர் வருவார். வாய் ஒரு பக்கம் அசையும், தமிழ் இன்னொரு பக்கமிருந்து வரும். ஒரு பலகையை எடுத்து மேசைமேல் வைப்பார், நாங்கள் மோர் சோற்றுக்கு வருவதற்குள் அது அலமாரியாகி நிற்கும்.

அவர் இழைப்புளி தள்ளுகிற நேரம் பட்டறையில் யாரும் மென்று நான் பார்த்ததில்லை. சுருள் அப்படி வரும், வெங்காயத் தோல் மாதிரி, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய. மேஸ்திரியண்ணன் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். யாரையும் லேசில் மெச்சாத மனுசர் அவர். அந்த மரத்தில் ஒரு முடிச்சுகூட இல்லையே, கரண்டே போகாதா அங்கே என்று இரண்டு குறை சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே, கை சுத்தம் என்று ஒத்துக்கொண்டார். கோவிந்தண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஆளு நல்ல வேலைக்காரன்தானுங்க. ஆனா அளவெடுக்கறப்போ அவனுக்குப் பொண்டாட்டி போன் பண்றதில்லை பாருங்க, அங்கதான் தப்பிச்சுக்கறான்."

டவுட்டேல்

மேசை டிராயரின் மூலையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பலகையும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய் நிற்கும். ஒவ்வொரு விரலும் நுனியில் அகலம், அடியில் குறுகல், அதனால் இழுத்தாலும் வராது. எங்கள் பக்கத்தில் அதற்கு டவுட்டேல் என்று பேர். வெட்டுவது கஷ்டம்.

அன்றைக்குத் தொப்பிக்காரர் ஒரு நகைப்பெட்டி செய்தார். தமிழ்க் குரல், "அடுத்ததாகப் புறாவின் வாலைக் கவனமாக வெட்ட வேண்டும்" என்றது. அது புரட்டாசி மாதம் வேறு. மேஸ்திரியண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சோறு திங்கிற நேரத்தில் இதையெல்லாமா காட்டுவார்கள் என்று ரிமோட்டைத் தேடினார். திரையிலோ புறாவைக் காணோம், அந்த மனுசர் நம்ம டவுட்டேலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார், அதுவும் முடி நுழையாத பொருத்தம். பள்ளிக்கூடத்தில் படித்த, புறாவுக்கான இங்கிலீசு வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. அந்த விரலின் வடிவம் புறா வால் மாதிரி விரிந்திருப்பதால் டவ், டெயில் என்று பேர் என்று சொன்னேன். கோவிந்தண்ணன் போசியைக் கடைசல் மிசின்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அது பொருந்துமோ பொருந்தாதோன்னு டவுட்டாவே இருக்கறதாலதான் அந்தப் பேருன்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி, நானு வெட்டுனதெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு."

அடி கீழே, நுனி மேலே

டி.வி.யில் நாற்காலி செய்தால் மற்றவர்கள் நாற்காலியைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் காலில் ஓடுகிற மர ரேகையைப் பார்ப்பார்கள். மரம் நின்றபோது எது அடியோ அது கீழே, எது நுனியோ அது மேலே. நிலைக் கால், கட்டில் கால், எதுவானாலும் இதில் மாற்றமில்லை. தலைகீழாக நின்ற மரத்தில் குடும்பமும் தலைகீழாக நிற்கும் என்பது மேஸ்திரியண்ணன் கட்சி.

ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மில்காரர் ஒருவர் வந்தார். தொப்பிக்காரர் செய்த ஒரு மேசையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். பலகைக்குக் கீழே கால் பருமனாகத் தொடங்கி, தரைக்கு வரும்போது ஒல்லியாக முடிகிற அழகான மேசை. மேஸ்திரியண்ணனுக்கும் அது ரொம்பப் பிடித்துப்போய், படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் மரம் அடி பெருத்து நுனி சிறுத்துத்தானே வளரும்? அடி கீழே வர வேண்டும், ஆகவே பருமன் கீழே வர வேண்டும் என்று அவர் கை தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. நானும் ஒன்றும் தோன்றாமல் நாலு காலையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன்.

மில்காரர் வந்து மேசையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி பார்த்தார். மேஸ்திரியண்ணன் மரத்தின் தர்மத்தை எடுத்துச் சொன்னார். மில்காரர் மேசையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார், கோயில் தூண் மாதிரி நின்றது. வேறு செய்து தருகிறோம் என்று நாங்கள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முடிவு பண்ணிவிட்டார்.

"இத நான் எடுத்துக்கறேன், இதே மாதிரி இன்னொண்ணும் போடுங்க. ஒண்ணு இருந்தா தப்புன்னுவாங்க, ரெண்டு இருந்தா டிசைன்னுவாங்க."

ஆடாத நாற்காலி

ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடப் போகிற குடும்பங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய. என் வீட்டுக்காரரும் அந்த வேலைதான். வடக்கே எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார், மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட ஒரு ரிக்காரரின் சம்சாரம், தொப்பிக்காரர் செய்த ஆடும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் ஊருக்கு வருவதற்குள் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார்.

அந்த நாற்காலியை எங்கள் பட்டறையே கொண்டாடியது. அடியில் வளைந்து வருகிற கட்டைக்குத் தொப்பிக்காரர் மெல்லிய பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி வளைத்தார். ஒட்டியதை இறுக்கிப் பிடிக்க அவரிடம் சுவர் நிறைய கிளாம்பு. நம்மிடம் சைக்கிள் ட்யூப். கிழித்துப் பட்டையாக்கி இறுக்கிச் சுற்றினோம், வளைவு வந்துவிட்டது. அதைத் தேய்க்கும்போது எனக்குக் கையே வலிக்கவில்லை. நாற்காலியும் ஒரு விரலால் தொட்டாலே ஆடியது.

ரிக்காரர் வந்து உட்கார்ந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார், எழுந்துவிட்டார். வேலை அருமை என்று மேஸ்திரியண்ணன் தோளைத் தட்டினார். அப்புறம் சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வருசம் பூராவும் ரிக்கு மேல ஆடீட்டுத்தான் வாரேன், ஊட்லயாச்சும் என்னை ஆடாம உக்கார உடு."

அந்த நாற்காலியில் இப்போது அந்த அம்மாதான் ஆடுகிறாராம்.

விளம்பரத்தில் போன கால்

ஒரு நாள் தொப்பிக்காரருக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உளியை எடுத்தாள். பட்டறையில் இரண்டு அண்ணன்மாரும் டி.வி.யைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி டி.வி.யைப் பார்த்தார்கள்.

முக்காலி செய்யப் போகிறார் என்றது தமிழ்க் குரல். பலகையில் சாய்வாகத் துளை போட்டாள். காலின் தலையை உருட்டி, அந்தத் துளைக்குள் போகிற கழுந்தாக்கினாள். கழுந்தின் உச்சியில் வாளால் ஒரு கீறல் போட்டு, துளைக்குள் தட்டி இறக்கினாள். "இறுதியாக எல்லாருக்கும் ஆப்பு வைக்கிறார்" என்றது குரல். பட்டறையில் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அவள் அந்தச் சின்ன மர ஆப்பைக் கீறலுக்குள் அடித்த விதத்தைப் பார்த்ததும் மேஸ்திரியண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். பலகையின் ரேகைக்குக் குறுக்காக வைத்து அடித்தாள். ரேகையோடு வைத்தால் பலகை பிளந்துவிடும். இது தெரிந்தவள்தான் என்று அவர் தலையை ஆட்டினார்.

மூன்று கால் மாட்டியாயிற்று. விளம்பரம் வந்தது. நாலாவது காலுக்காகக் காத்திருந்தோம். எங்கள் பட்டறையில் முக்காலி என்றால் முதுகுச் சாய்வு இல்லாத குட்டி நாற்காலி, நாலு கால். விளம்பரம் முடிந்ததும் அவள் அதன்மேல் ஏறி நின்று கையாட்டினாள், நிகழ்ச்சி முடிந்துவிட்டது. மூன்றே கால். கோவிந்தண்ணன் வருத்தப்பட்டார்.

"நல்லாத்தான் செஞ்சுட்டு வந்துது அந்தப் புள்ள, பாவம், ஒரு காலு விளம்பரத்துல போயிருச்சு."

பேர் வைத்தது யார்

அடுத்த நாள் மேஸ்திரியண்ணனிடம் கேட்டேவிட்டேன், நானும் ஒரு சாமான் முழுசாகச் செய்கிறேனே என்று. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. பட்டறை பேரில் வெளியே போகிற சாமான், விளையாட்டில்லை. வாங்குகிறவர் ஒரு குறை சொன்னாலும் அப்புறம் உளி கேட்டு வரக்கூடாது, உப்புத்தாளோடு சரி என்றார். நான் சரி என்றேன். ஒரே ஒரு சாமான், அதில் போனால் போனதுதான்.

அந்த வாரமே, பட்டறைக்குப் பழக்கமான சரஸ்வதியக்கா எங்களிடம் எப்போதோ வாங்கிய ஒரு பழைய முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா வீட்டில் தறி இருக்கிறது. தறிக்குப் போகிற நூலைக் குழலில் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று சொல்வார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த முக்காலியில் உட்கார்ந்து தார் சுற்றுவார். தரை கல் பாவியது, இரண்டு கல் ஒரே மட்டத்தில் இல்லை. முக்காலி ஆடும்போதெல்லாம் நூல் வெடுக்கென்று அறும், முடிச்சுப் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். இடுப்பும் விட்டுப்போயிற்று. காலுக்கடியில் அட்டை மடித்து வைத்தால், கூட்டும்போது அது எங்கேயோ போய்விடுகிறதாம்.

காலைச் சீவி மட்டம் பண்ணித் தருகிறேன் என்றார் மேஸ்திரியண்ணன். எந்தக் கல்லுக்கு மட்டம் பண்ணுவது என்று கேட்டார் அக்கா. எனக்கு டி.வி.யில் பார்த்த பெண் ஞாபகம் வந்தது. மூன்று கால் வைத்தால் எந்தத் தரையிலும் ஆடாதே, செய்யட்டுமா என்றேன். மேஸ்திரியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று என்பது விளங்காத எண்ணிக்கை, பட்டறை அப்படி ஒன்றும் கொடுத்ததில்லை, முக்காலிக்கு நாலு கால்தான் வழக்கம் என்றார். சரஸ்வதியக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, முக்காலின்னு பேரச் சொல்லிப்போட்டு இத்தன நாளா நாலு காலு வெச்சுக் குடுத்துட்டு இருந்தது நீங்கதானுங்களா?"

ஆட்டுக்குட்டி

மறுநாள் மேஸ்திரியண்ணன் ஒரு வேப்பம்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் எதையும் பார்க்கவில்லை என்கிற மாதிரி போய்விட்டார்.

டி.வி.யில் அந்தப் பெண் உட்காருகிறவரை உட்கார வைத்து முழங்காலிலிருந்து தரைக்கு அளவெடுத்தாள். நானும் அக்கா வீட்டுக்குப் போய், அவர் நூலிலேயே ஒரு துண்டு எடுத்து, முழங்கால் உயரத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தேன். டேப்பைவிட அது சுலபம். சாய்வுக்கு அவளிடம் ஒரு கருவி இருந்தது. என்னிடம் புடவைப் பெட்டி அட்டை. காலின் சாய்வுக்கு அட்டையை வெட்டி, டிரில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துப் பார்த்துத் துளை போட்டேன். முதலில் கழிவுப் பலகையில் ஒன்று செய்து பார்த்தேன். மூன்று காலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாய்வில் நின்றன. அட்டையை ஒவ்வொரு துளைக்கும் வேறு வேறு பக்கமாக வைத்திருக்கிறேன். கோவிந்தண்ணன் கடைசல் மிசினை நிறுத்திவிட்டு வந்து சுற்றிப் பார்த்தார்.

"மேச்சேரி ஆட்டுக்குட்டி பொறந்தவொடனே எந்திரிச்சு நிக்கப் பாக்குறாப்பல இருக்குது அம்மிணி. சித்த நேரம் உட்டா பால் குடிக்கப் போயிரும்."

அஞ்சு

வேப்பம்பலகையில் தப்பு வரவில்லை. பலகையில் நடுவிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் ஒரு கோடு இழுத்து, அட்டையை அந்தக் கோட்டிலேயே நிறுத்தினேன். கால்களைப் பட்டை பட்டையாகச் சீவி, பிறகு உருட்டினேன். அடி கீழே, நுனி மேலே, அதை மட்டும் மூன்று தடவை சரி பார்த்தேன். உட்காருகிற இடத்தை லேசாகக் குழித்தேன். ஆப்பை ரேகைக்குக் குறுக்காக வைத்து அடிக்கும்போது, பலகை பிளந்தால் என் கதையும் பிளந்தது என்று கண்ணை மூடிக்கொண்டுதான் கடைசி அடியைக் கொடுத்தேன். பிளக்கவில்லை. உப்புத்தாள் தேய்க்கச் சொல்லியா தர வேண்டும்?

இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். மேஸ்திரியண்ணன் விரலால் ஒவ்வொரு கழுந்தையும் தடவினார். பட்டறைத் தரையில் வைத்தார், வாசல் கல்லில் வைத்தார், செம்மண் மேட்டில் வைத்து ஏறி நின்றார். ஆடவில்லை. முகம் மட்டும் தெளியவில்லை. மூன்று என்ற எண்ணிக்கை அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. நல்ல சாமான், மூன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றார். நாலாவது கால் ஒன்றைப் பேருக்கு ஒட்டச் சொல்லிவிடுவாரோ என்று முக்காலியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். கோவிந்தண்ணன்தான் வழி சொன்னார்.

"அந்தக்கா உக்காந்துட்டா அவுங்க காலு ரெண்டையும் சேத்து அஞ்சாயிருதுங்க, அஞ்சு நல்ல கணக்குதானுங்களே."

எப்படி இருக்கிறது

முக்காலியை நான் என் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். பின்னாலேயே மேஸ்திரியண்ணன் வண்டியும் வந்தது, கோவிந்தண்ணன் பின் சீட்டில். அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறதாம் இரண்டு பேருக்கும். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

சரஸ்வதியக்கா முக்காலியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வழக்கமான இடத்தில், அந்த மேடும் பள்ளமுமான கல்லில் போட்டார். உட்கார்ந்தார். தார் மிசினை ஓட்டினார். நூலைப் பிடித்தார். நாங்கள் மூவரும் வாசல்படியில் நின்றோம். அக்கா எங்கேயாவது அசைந்து உட்காருகிறாரா, இடுப்பில் கை வைக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குழல் நிறைந்தது. எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டினார். நூல் அறவில்லை. அதுவும் நிறைந்தது. நாங்கள் வந்ததையே மறந்துவிட்டாரோ என்று தோன்றியது. எனக்கோ வாயைத் திறந்து கேட்கப் பயம். குறை என்று ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் முடிந்தது. மேஸ்திரியண்ணன் பொறுக்க மாட்டாமல் தொண்டையைக் கனைத்தார். எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டுவிட்டார்.

சரஸ்வதியக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"எதுங்க?"

எங்கள் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்க உடனடியாக ஓர் ஆள் தேவைப்படுகிறது, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், மத்தியானம் டி.வி. உண்டு.